உஷார்! வெடிச் சத்தத்தில் மிரளும் பூனை, பூட்டிய வீட்டில் மாட்டிக்கொள்ளும்!

தீபாவளியன்று பூனையைக் காணோம் என்றால், "பசித்தால் தானே வரும்" என்று இருந்துவிடாதீர்கள். வர வழியில்லாமலும் போகலாம்!

காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் அமைப்பு அப்படி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் வீடு, நடுவே வானம் பார்த்த முற்றம். முதல் சரவெடிக்கே பூனை ஓட்டின் மேல் ஏறி, பக்கத்து வீட்டு முற்றத்தில் குதித்து, இருட்டு அறையில் பதுங்கிவிடும். அந்த வீட்டுக்காரர்களோ பண்டிகைக்காகச் சென்னையிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். விடுமுறை முடிந்ததும் அறைகளைச் சாத்தி, முகப்பைப் பூட்டிக் கிளம்பிவிடுவார்கள். அடுத்து அந்தக் கதவு திறப்பது பொங்கலுக்கோ, ஒரு கல்யாணத்துக்கோதான். பூனை தாங்குமா?

நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; பூனையின் காது 60 ஆயிரத்தையும் தாண்டும். நமக்கே காதடைக்கும் லட்சுமி வெடி அதை என்ன பாடு படுத்தும்!

முன்தினமே செய்யுங்கள்

வெடிக்க அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தாலும், எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு விடியுமுன்பே வெடி ஆரம்பித்துவிடும். ஆகவே முதல் நாள் சாயங்காலமே பூனையை உள் அறையில் விட்டுச் சாத்துங்கள். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, நீங்கள் உடுத்திய பழஞ்சேலையை உள்ளே விரியுங்கள். உங்கள் வாசனை அதற்குத் தைரியம். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு மூன்றும் அறைக்குள்ளேயே இருக்கட்டும். மின்விசிறியும் ரேடியோவும் ஓடட்டும். மிகவும் மிரளும் பூனை என்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

இதைச் செய்யவே செய்யாதீர்கள்

கட்டிலடியில் ஒளிந்த பூனையை இழுக்காதீர்கள், பிறாண்டிவிட்டு ஓடும். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், பூனையின் உயிரைக் குடிக்க!

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

தெருவுக்கும் ஒரு வார்த்தை

காரைக்குடி இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாதென்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. ஓர் ஊரே விட்டுக்கொடுக்கும்போது, நம் தெருவில் அணுகுண்டை மட்டுமாவது தவிர்க்க முடியாதா?

காணாமல் போன பூனையைச் சத்தம் அடங்கிய நள்ளிரவில், பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டுத் தேடுங்கள். பூனை உள்ளே பதுங்கியிருக்கலாம்; கார் பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்களே, பூட்டுப் போடுமுன் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு பெட்டி இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்த பிறகே பூட்டுங்கள்!