சொந்தச் சொல்லும் இரவல் மெட்டும்

பாட்டை எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் மற்றொருவர், பாடுபவர் வேறொருவர், திரையில் வாயசைப்பவரோ நான்காமவர். தமிழ்த் திரையிசை பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் இம்முறையிலேயே வளர்ந்து வந்துள்ளது. அவ்வாறன்றி, தம் வாழ்வைத் தாமே எழுதித் தாமே பாடுவோரைத் தமிழ் மக்கள் செவிமடுப்பார்களா? இவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது, மலேசியாவில் 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பு. யோகி பி என்பவரும், நட்சத்திரா குழுவினரான டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரும் கூடி உருவாக்கியது அது.

தாமே கட்டிப் பாடுதல் மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் நாடெங்கும் தோட்டங்கள் பெருகின. அங்கு உழைக்க வந்த தமிழர், கங்காணியின் கெடுபிடியையும் பால்வெட்டின் களைப்பையும் நாட்டுப் பாடல்களாக்கினர். அவற்றுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, பாடியவரே ஆசிரியர். பின்னர் வானொலியும் திரைப்படமும் பரவவே, பாடிய வாய் ஓய்ந்து கேட்கும் செவியே மிகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் குடியிருப்புகளும் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் நகரங்களைச் சேர்ந்தனர். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் அவர்களின் புதிய வாழ்வு, சென்னையில் உருவான திரைப்பாடல்களில் இடம்பெறவில்லை.

அவ்விடத்தை நிரப்ப வந்ததே ‘ராப்’ எனப்படும் சொல்லிசை. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தை இக்கலையின் தோற்றுவாயாகக் கூறுவர். அங்கு இசைத்தட்டுகளை இயக்கியவர், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் மாற்றி மாற்றி ஓடவிட்டு, தாளப் பகுதியை மட்டும் நீட்டித்துக் காட்டுவது அவர் கையாண்ட முறை. நீண்ட அத்தாளத்தின்மேல் இயைபுடன் சொல்லடுக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது.

இது பாட்டா, பேச்சா என ஐயுறுவோர் உண்டு. தமிழ் யாப்பை அறிந்தவர்க்கு அவ்வையம் எழ வேண்டியதில்லை. எதுகை, மோனை, இயைபு, சந்தம் ஆகியவையே இதற்கும் உறுப்புகள். அருணகிரிநாதரின் வண்ணங்களில் சொல்லே தாளமாகி ஓடுவதைக் கேட்டுப் பழகிய செவிக்குச் சொல்லிசையின் விரைவு அந்நியமாகத் தோன்றாது. எனினும், ‘காதலன்’ (1994) போன்ற படங்களில் இடம்பெற்ற ராப் பாடல், கதைக்காக எழுதப்பட்டதே. தமக்காகவே எழுதிய சொல்லிசைக்கு மலேசியா களமாயிற்று. யோகி பி இடம்பெற்ற ‘போயட்டிக் அம்மோ’ குழு 1998-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கண்டோனீயம் ஆகியவற்றோடு தமிழும் ஒலித்தது. நான்கில் ஒன்றாக நின்ற தமிழ், ‘வல்லவ’னில் தலைமை பெற்றது.

ஆயினும், அத்தொகுப்புக்குக் கடல் கடந்த புகழைத் தேடித் தந்த பாடல் முற்றிலும் புதியதன்று. ‘நிழல்கள்’ (1980) படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘மடை திறந்து’ பாடலை அடியாகக் கொண்டு எழுந்தது அது. மூலப்பாடலே, இசையுலகில் வாய்ப்புத் தேடும் ஓர் இளைஞனின் கனவைக் கூறுவது. திரைக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே நுழையத் திரைப்பாடலையே வாயிலாகக் கொண்டனர்.

இதைக் குறையென்று கூறுதல் எளிது. ஆனால், சொல்லிசையை உலகெங்கும் கொண்டுசென்ற ‘ராப்பர்ஸ் டிலைட்’ (1979) பாடலும் ‘சிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ இசைமீதே அமைந்ததாகும். மூல ஆசிரியர்கள் உரிமை கோரியபின் அவர்கள் பெயரும் அப்பாடலில் சேர்க்கப்பட்டது. கேட்டுப் பழகிய மெட்டு, கேளாத சொல்லுக்குச் செவியைத் திறந்து வைக்கிறது. மூலத்தாருக்கு உரியதை அளிப்பதும் அதனோடு சேர்ந்த கடமையே.

இரவலின் விளைவு அத்துடன் முடியவில்லை. ‘பொல்லாதவன்’ (2007) படத்துக்கு யோகி பி அழைக்கப்பட்டபோது, அவர் பங்கேற்றதும் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்துப் பழைய பாடலொன்றின் புதுவடிவமே. ‘ஆடுகளம்’ (2011) படத்தின் ‘போர்க்களம்’ பாடலிலோ, பழைய மெட்டின் துணையின்றியே அவர் குரல் ஒலித்தது. 2012-இல் தமிழ்நாட்டில் ஆதியின் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பு வெளிவந்தது. தாமே எழுதித் தாமே பாடும் இளைஞர் வரிசை அங்கும் தொடர்ந்தது.

தாய்நிலத்திலிருந்து பாட்டைப் பெற்றுக்கொண்டே இருந்த மலேசியத் தமிழர், ‘வல்லவன்’ வாயிலாக அந்நிலத்துக்கு ஒரு பாடும் முறையையே அளித்தனர். மெட்டு இரவலாயினும் சொல் சொந்தமாக இருந்ததே அதற்குக் காரணம். தோட்டத்துப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் நிலைக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளின் பாட்டு, பாடியவர் பெயரோடு நிலைபெற்றுள்ளது.