வில்லையில் படியும் தூசும் துடைக்கும் கையும்

கமராவின் வில்லையில் தூசைக் கண்டவுடன் சேர்ட்டின் நுனியாலோ கைக்குட்டையாலோ துடைத்துவிடுவது எம்மில் பலரிடமுள்ள பழக்கமாகும். திருமண, நிக்காஹ் வைபவங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் இக்காட்சியை நாம் அடிக்கடி காண்கின்றோம். கடன்பட்டு வாங்கிய ஒரு வில்லையை நம்பியே குடும்பம் நடத்தும் படப்பிடிப்பாளர்கள் பலர் இருக்கையில், இதனைச் சிறு விடயமென ஒதுக்கிவிட முடியாது.

தூசில் மணற்றுகள்களும் கலந்திருக்கின்றன. மணலின் பிரதான கூறான குவாட்ஸ், வில்லைக் கண்ணாடிகள் பலவற்றிலும் பார்க்கக் கடினமானது. கண்ணாடியின் மேல் ஒளித்தெறிப்பைக் குறைப்பதற்கெனப் பூசப்பட்ட மிக மெல்லிய படலங்களும் உள்ளன. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது மணற்றுகள்கள் அப்படலத்தைக் கீறிக்கொண்டே செல்கின்றன. தூசைத் தட்டிவிடலாம், கீறலை அகற்றுவதற்கு வழியில்லை.

ஆகவே, முதலில் எடுக்கவேண்டியது கையால் அமுக்கிக் காற்றை ஊதும் றப்பர்க் குமிழேயாகும். வில்லையைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால் தூசின் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியதை மென்மயிர்த் தூரிகையால் மெதுவாகத் தட்டலாம். தூரிகையின் மயிரை விரலால் தொட்டால், விரலின் எண்ணெய் வில்லைக்குப் போய்ச் சேரும். விரலடையாளம் இருந்தால் மட்டுமே திரவம் தேவை. அதனையும் வில்லையில் நேரடியாக விடாது, வில்லைத் தாளில் ஓரிரு துளி விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைக்கவேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தகரத்தில் அடைத்து விற்கப்படும் காற்றோ, சரித்துப் பிடித்தால் திரவத்தையும் சேர்த்துக் கக்கிவிடும். கமரா விற்போர் பையை இலவசமாகக் கொடுக்கிறார்களே தவிர, இவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உண்மையில், முன்வில்லையில் இருக்கும் சில தூசுகள் படத்தில் தெரிவதேயில்லை. தெரிவது, உள்ளேயிருக்கும் ஒளியுணரியின் மீது படிந்த தூசாகும். எமது பத்திரிகையில் ஒரு சமயம் வெளியான படங்களின் வானத்தில், ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி தொடர்ந்து காணப்பட்டது. அச்சகத்தின் குறையென்றே நாம் எண்ணியிருந்தோம். ஒளித்துளையைச் சுருக்கி வெறும் வானத்தைப் படம்பிடித்துப் பார்த்த பின்னரே உண்மை புலனாகியது.

உணரியிலுள்ள தூசைக் கமரா தானாகவே அதிர்ந்து உதறும் முறையை ஒலிம்பஸ் நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் ஈ-1 கமராவில் அறிமுகப்படுத்தியது. ஏனைய நிறுவனங்களும் பின்னர் இத்தகைய முறைகளைக் கையாண்டன. அதற்கும் அசையாத தூசை, மின்கலம் நிறைந்திருக்கையில், துப்புரவு முறையைத் தெரிவுசெய்து, குமிழின் நுனி உணரியில் முட்டாதவாறு ஊதி அகற்றலாம். ஒட்டிக்கொண்ட தூசுக்கு, உணரியின் அகலத்துக்கேற்ற துடைப்பான் உண்டு. அதனை ஒருமுறை பயன்படுத்தியபின் வீசிவிட வேண்டும்.

வில்லைக்குள்ளேயே புகுந்த தூசை அப்படியே விட்டுவிடுவது நல்லது. நீண்டு சுருங்கும் சூம் வில்லைகள் காற்றை உள்ளிழுப்பதால் அது தவிர்க்க முடியாதது. அதற்காக வில்லையைக் கழற்றினால் கண்ணாடிகளின் ஒழுங்கு பிசகிவிடலாம். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் அது தூசன்று, பூஞ்சணம். எமது ஈரக் காலநிலையில் அலுமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் வில்லைகளுக்கே அது பெரும்பாலும் வருகின்றது. காற்றுப் புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, அப்பொதிகளை இடைக்கிடை மாற்றிவந்தால் அதனைத் தடுக்கலாம்.