குழலைக் குறைத்துக் காதைக் காப்போம்

சைலன்சர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். அடுத்தது, திரைப்படத்தில் கொலையாளி துப்பாக்கி முனையில் திருகும் கறுப்பு உருளை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. 1909இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரங்களின் ஓசையைத் தணிக்கும் கருவிகளிலும் ஈடுபட்டவர். அழுத்தத்தோடு வெளியேறும் சூடான வாயுவைத் தடுத்து, விரியவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புவதுதான் இரண்டிலும் நடக்கும் வேலை. வண்டியின் சைலன்சரைக் கழற்றி ஓட்டுபவரை நாம் பொறுப்பற்றவர் என்கிறோம். துப்பாக்கியில் சைலன்சர் மாட்டுபவரையோ சந்தேகத்தோடு பார்க்கிறோம். ஆனால் பிரிட்டனிலும் நார்வேயிலும் பின்லாந்திலும் நியூசிலாந்திலும் சட்டப்படி மான் வேட்டையாடுவோர் பலர், தங்கள் ரைஃபிளின் குழலைச் சில அங்குலம் வெட்டி, முனையில் மரை போட்டு இந்தக் கருவியைப் பொருத்திக்கொள்கிறார்கள். அவர்கள் செய்வது ஒளிந்து சுடுவதற்கான தந்திரம் அல்ல, காதைக் காக்கும் பொறியியல். அளந்து பார்த்தால் இது விளங்கும்.

முதலில் ஓசையை அளப்போம். மான் வேட்டை ரைஃபிள் ஒன்று வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே உச்ச ஒலி 160 முதல் 170 டெசிபல் வரை போகிறது. திடீர் ஓசைக்கு ஐரோப்பியத் தொழிற்சட்டங்கள் வகுத்த எல்லை 140 டெசிபல். எண்களைப் பார்த்தால் வேறுபாடு சிறிதாகத் தெரியும். ஆனால் டெசிபல் பெருக்கலில் ஏறும் அளவு. 140 டெசிபல் என்பது 200 பாஸ்கல் அழுத்தம், 170 டெசிபல் என்பதோ 6,300 பாஸ்கலுக்கும் மேல். முப்பது மடங்குக்கும் அதிகமான அறை அது. உரத்த ஓசை கேட்டால் நடுச்செவியின் சிறு தசை இறுகி உட்செவிக்குப் போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது இறுகச் சில பத்து மில்லி விநாடிகளாவது வேண்டும், வெடியோசையோ அதற்குள் வந்து போய்விடும். அடி முழுவதும் நத்தைக்கூட்டு வடிவ உட்செவியின் மயிரணுக்கள்மீது விழுகிறது. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000 மட்டுமே. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் பெரும்பாலும் முதலில் கெடும். வலது காது தலையின் மறைவில் இருக்க, இடது காது குழல் வாயை நோக்கித் திரும்பியிருப்பதே காரணம். மேல் அதிர்வெண்கள் முதலில் போவதால், 'பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை' என்ற நிலை வந்து சேர்கிறது.

துப்பாக்கி ஓசை இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று, குழல் வாய். வெடிமருந்து எரியும்போது குழலுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு வரை உயர்கிறது. குண்டு வாயை விட்டு நீங்கும் கணத்தில்கூட அது சில நூறு மடங்காக இருக்கும். அந்த வாயு ஒரேயடியாக வெளியே பாய்வதுதான் காதைப் பிளக்கும் வெடி. சைலன்சருக்குள் நடுவில் துளையிட்ட தடுப்புத் தகடுகள் அறை அறையாகப் பிரித்து நிற்கின்றன. வாயு ஒவ்வோர் அறையிலும் விரிந்து, சுழன்று, சூட்டை உலோகத்துக்குக் கொடுத்து, வேகம் தணிந்து வெளியேறுகிறது. இதனால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். இரண்டாவது இடம், பறக்கும் குண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, மான் வேட்டைக் குண்டோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல் விரைகிறது. படகின் முகப்பில் நீர் பிளப்பதுபோல் குண்டின் முகப்பில் காற்று அதிர்ச்சி அலையாகப் பிளக்கிறது. எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1887இல் வெளியிட்ட ஒளிப்படங்களில் இந்த அலை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. குண்டு போகும் வழியெங்கும் எழும் இந்தச் சாட்டையோசையைக் குழல் முனையில் மாட்டிய எந்தக் கருவியாலும் தணிக்க முடியாது.

சரி, குழலை ஏன் வெட்ட வேண்டும்? 60 செ.மீ. குழலின் முனையில் 20 செ.மீ. உருளையைச் சேர்த்தால் துப்பாக்கி முன்பாரமாகிவிடும். புதரில் சிக்கும், வண்டிக்குள் திரும்பாது. எனவே கூட்டிய நீளத்தில் ஒரு பகுதியைக் குழலில் கழிக்கிறார்கள். இங்கேதான் முதல் ஆட்சேபம் எழுகிறது. குழல் குறைந்தால் குண்டின் வேகம் குறையுமே, மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடித் துன்புறாதா? நியாயமான கேள்வி. வேட்டையில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 9.7 கிராம் குண்டு 61 செ.மீ. குழலிலிருந்து விநாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும். குழலில் 10 செ.மீ. வெட்டினால் சுமார் 30 மீட்டர் குறையும். ஆற்றல் 3,600 ஜூலிலிருந்து 3,350 ஜூல் அளவுக்கு இறங்கும், அதாவது 7 சதவீதம். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரிய மான்களுக்குக் கேட்பது 2,305 ஜூல். ஸ்காட்லாந்து விதி கேட்கும் வேகம் விநாடிக்கு 2,450 அடி, அதாவது 747 மீட்டர். இரண்டையும் தாண்டி மிச்சம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு எல்லாத் தோட்டாக்களுக்கும் பொருந்தாது. மெதுவாக எரியும் மருந்தை நிறைய நிரப்பிய தோட்டாக்களுக்கு நீண்ட குழல் வேண்டும். அவற்றில் வெட்டினால் இழப்பும் கூடும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. குட்டைக் குழலில் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறுவதால் வெடியோசை கூடும். எனவே வெட்டிவிட்டுச் சைலன்சர் மாட்டாமல் சுடுவது காதுக்கு இரட்டைக் கேடு.

'நல்ல குழலை வெட்டினால் குறி தவறும்' என்பது இன்னொரு அச்சம். குட்டைக் குழல் விறைப்பானது, குறைவாகவே ஆடும். நீளம் குறைந்ததாலேயே குறி கெடுவதில்லை, வேலை கோணினால்தான் கெடும். குழலின் துளையும் வெளிப்புறமும் எப்போதும் ஒரே மையத்தில் இருப்பதில்லை. எனவே தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் லேத்தில் குழலை ஏற்றியதும் வெளிப்புறத்தை நம்பாமல், டயல் கேஜைத் துளைக்குள் வைத்து அதன் மையத்தைத் தேடுகிறார். மரையும், சைலன்சர் வந்து அமரும் தோளும் அந்த மையத்துக்கே இசைய வேண்டும். மரை 0.3 பாகை சாய்ந்தாலே 20 செ.மீ. தள்ளியிருக்கும் கடைசித் தகட்டில் துளை ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். 7.8 மி.மீ. குண்டு தகட்டில் உரசவும் கருவி சிதறவும் அது போதும். குழல் வாயின் உள்விளிம்பும் அப்படித்தான். ஒரு பக்கம் பிசிறு நின்றால் வாயு அந்தப் பக்கம் முந்திப் பாய்ந்து குண்டின் பின்புறத்தைத் தள்ளிவிடும். மேலும், பிரிட்டனில் இப்படி மரை போட்ட ரைஃபிளை விற்பதற்குமுன் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் மிகை அழுத்தத் தோட்டாவைக் கொண்டு மறுபடி சோதிக்கிறார்கள். வீட்டுப் பின்கட்டில் முயன்று பார்க்கும் வேலை அல்ல இது.

'காதடைப்பு மாட்டினால் தீர்ந்ததே, குழலை ஏன் தொட வேண்டும்?' என்று கேட்கலாம். தொழிற்சாலைப் பாதுகாப்பின் பாலபாடமே இதற்கு விடை சொல்கிறது. கேட்டைப் பிறக்குமிடத்தில் குறை, மனிதர்மேல் கவசம் போடுவது அதற்கு அடுத்தபடி. காதடைப்பு அணிந்தவரை மட்டுமே காக்கும். அருகில் படுத்திருக்கும் நாய்க்கும், உடன் வந்தவருக்கும் அது பயன்படாது. காட்டில் கிளை முறியும் ஓசையைக் கேட்க வேண்டியவர் அதைக் கழற்றிவிடுவதும் நடக்கிறது. அந்த நேரத்தில் விழும் ஒரே வெடி போதும். ஆனால் 165 டெசிபலில் 30 கழிந்தாலும், எல்லைக்குச் சற்றே கீழே 135 நிற்கிறது. எனவே சைலன்சரோடு காதடைப்பும் அணிவதே முழுப் பாதுகாப்பு.

கடைசி ஆட்சேபம் கனமானது: திருட்டு வேட்டைக்கும் குற்றத்துக்கும் இது உதவாதா? குண்டின் சாட்டையோசை அப்படியே இருப்பதால் வெடி மௌனமாகிவிடுவதில்லை. சட்டம் கேட்கும் வேகத்தில் சுடும் எந்த மான் வேட்டைக் குண்டும் அந்த ஓசையைத் தவிர்க்க முடியாது. ஆயினும் சுட்டவர் எங்கிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது கடினமாகும் என்பதும், ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவோடு சேர்ந்தால் ஓசை வெகுவாகக் குறையும் என்பதும் உண்மை. கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இவை காரணங்கள், தடை செய்வதற்குப் போதா. அமெரிக்கா 1934இல் 200 டாலர் வரி விதித்து இதை எட்டாத பொருளாக்கியது. ஜெர்மனி 2020இல் உரிமம் பெற்ற வேட்டைக்காரர் நீளத் துப்பாக்கிக்கு இதை வாங்கச் சட்டத்திலேயே வழி திறந்தது. துப்பாக்கியையே உரிமத்தில் கட்டிவைத்திருக்கும் நாட்டில், உரிமம் பெற்றவரின் செவியைக் காக்கும் கருவியை மறுப்பதில் நியாயம் இல்லை.

சைலன்சர் என்ற பெயர்தான் நூறாண்டுக்கு மேலாக நம்மைத் திசைதிருப்பியிருக்கிறது. பிரிட்டனில் வழங்கும் 'ஒலி மட்டுப்படுத்தி' என்ற பெயரே அதன் வேலையைச் சரியாகச் சொல்கிறது. வெட்டியது தவறாகப் போனால் புதுக் குழல் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். செத்த மயிரணுவுக்கு மாற்று இன்றுவரை எந்தக் கடையிலும் இல்லை, எந்த மருத்துவமனையிலும் இல்லை.