பெக்கேஜில் எழுதிய வேகமும் வீட்டுக்கு வந்து சேரும் வேகமும்

கடைக்கு மேல் மாடியில் குடியிருந்து, வீட்டு இன்டர்நெட் லைனிலேயே வியாபாரத்தையும் நடத்தும் வர்த்தகர்கள் எம்மில் ஏராளம். ஓடர் வட்ஸ்அப்பில் வருகிறது, வங்கி வேலை போனில் நடக்கிறது, கடையில் கெமரா ஓடுகிறது, பிள்ளைகள் மேலே யூடியூப் பார்க்கிறார்கள். எல்லாமே ஒரே லைன்தான். அது தடுமாறினால் "பெரிய பெக்கேஜுக்கு மாறுவோம்" என்பதே உடனே எடுக்கும் முடிவாக இருக்கிறது. லைன் எதைத் தாங்கும் என்று பார்க்காமல் பெக்கேஜை மாற்றுவது, முக்கால் அங்குலக் குழாயை வைத்துக்கொண்டு மாடியில் பெரிய தாங்கி கட்டுவதற்கு ஒப்பானது.

கிழக்கில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு 2021ஆம் ஆண்டில் நடந்ததைச் சொன்னால் விடயம் இலகுவில் விளங்கும். அவரது கடையில் எட்டு கெமராக்கள். சரக்கெடுக்க புறக்கோட்டைக்கு வரும் நாட்களில் போனில் கடையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதே நாட்களில்தான் கடையில் வட்ஸ்அப் அழைப்புகள் அறுந்து விழும், ஓடர் படங்கள் இறங்காது, மாடியில் மகளின் சூம் வகுப்பு நின்று நின்று போகும். கடைப் பையன் போன் எடுப்பதில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட, பையனுக்கு ஏச்சு விழுந்தது. "நானா, போன் அடிக்கவே இல்லையே" என்று அவன் சொன்னதை இவர் நம்பவில்லை. பெக்கேஜை உயர்த்தினார். மாதாந்தக் கட்டணம் கூடியதே தவிர வேறொன்றும் மாறவில்லை.

காரணத்துக்கு வருமுன் ஒரு கணக்கை விளங்கிக்கொள்ள வேண்டும். கம்பனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நாம் இறக்கும் கோப்பு மெகாபைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 10 மெகாபிட் லைனில் செக்கனுக்கு 1.25 மெகாபைட்டுக்கு மேல் வராது. ஒரு ஜிபி கோப்பு இறங்க 13 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இது எவரும் ஏமாற்றுவதல்ல, இறாத்தலுக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் போன்றதுதான்.

அடுத்தது, லைனில் இரண்டு பாதைகள் உண்டு. எமக்கு வருவது இறக்க வேகம், எம்மிடமிருந்து போவது ஏற்ற வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது மட்டுமே. செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் 'ஏ' என்ற எழுத்தே இரண்டும் சமமில்லை என்பதைத்தான் குறிக்கிறது. அதன் பிந்திய வடிவமான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் ஆகக் கூடியது 24 மெகாபிட் வரை இறக்கும். ஆனால் ஏற்றம் பெரும்பாலும் ஒரு மெகாபிட் அளவில்தான் நிற்கும்.

அந்த 24உம் எல்லோருக்கும் கிடைப்பதல்ல. செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட சமிக்ஞை தேய்ந்து போகிறது. எக்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவருக்கு 20ஐ அண்மித்துக் கிடைக்கலாம். மூன்று கிலோமீற்றரில் அது பத்துக்கும் கீழே இறங்கும். ஐந்து கிலோமீற்றரில் ஒன்று, இரண்டு கிடைத்தாலே பெரிது. இங்கே தூரம் என்பது கம்பி ஓடும் பாதையின் நீளம், ஆகாயத்தில் அளக்கும் தூரமல்ல. எக்சேஞ்ச் அடுத்த தெருவில் இருந்தும் கம்பி ஊரைச் சுற்றி வருவதுண்டு. மழைத் தண்ணீர் இறங்கிய மூட்டுகளும், வீட்டுக்குள் இழுத்த பழைய எக்ஸ்டென்ஷன் வயர்களும் இருக்கிற வேகத்தையும் கெடுக்கும்.

நண்பரின் ரவுட்டரைத் திறந்து பார்த்தோம். இறக்கம் 6, ஏற்றம் 0.8 மெகாபிட் என்று இருந்தது. கம்பி அவ்வளவைத்தான் தாங்குகிறது. அதற்கு மேல் எந்தப் பெக்கேஜ் எடுத்தாலும் பயனில்லை. கெமரா பூட்டியவரோ எட்டையும் முழுத் தரத்தில் அனுப்பும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். 1080 தரக் கெமரா ஒன்றுக்கு குறைந்தது 2 மெகாபிட் என்று வைத்தாலும் எட்டுக்கு 16. இவர் கொழும்பிலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவும் கடை லைனின் ஏற்றப் பாதையால் போக வேண்டும். பாதை இருப்பதோ 0.8.

இறக்கப் பாதை காலியாகத்தானே இருக்கிறது, வட்ஸ்அப் ஏன் நிற்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இணையத்தில் தரவு சிறு சிறு பொதிகளாக வருகிறது. அவற்றுக்கு "கிடைத்தது" என்ற சிறு பதில்கள் மேலே போக வேண்டும். பதில் போகாவிட்டால் அனுப்புபவர் மெதுவாக்கிவிடுவார் அல்லது அதே பொதியைத் திரும்ப அனுப்புவார். ஏற்றப் பாதை நிரம்பினால் இறக்கமும் சேர்ந்தே நிற்பது இதனால்தான். பேச்சு அழைப்புக்கோ எமது குரல் போவதே அந்தப் பாதையால்தான். கடையின் அழைப்புகளை அறுத்தது புறக்கோட்டையில் நின்ற முதலாளியின் போன்தான்!

அப்படியானால் எதற்கு எவ்வளவு தேவை? பேச்சு அழைப்புக்கு 0.1 மெகாபிட் போதும். சாதாரண தரத்தில் இருவர் பேசும் வீடியோ அழைப்புக்கு போகவும் வரவும் ஒன்று, ஒன்றரை மெகாபிட். முழு எச்டி வீடியோவுக்கு சுமார் 5, நான்கு கே படத்துக்கு 15 முதல் 20 வரை. கார்ட் மெஷினும் பில் மென்பொருளும் அனுப்புவது மிகச் சொற்பம். அவற்றுக்கு வேகத்தை விட, பதில் தாமதமின்றியும் அறுபடாமலும் வருவதே முக்கியம். வீட்டில் ஒரே நேரத்தில் நடப்பவற்றைக் கூட்டிப் பாருங்கள்; இறக்கத்தைத் தனியாகவும் ஏற்றத்தைத் தனியாகவும் கூட்ட வேண்டும். பெருநாள் காலத்தில் புது டிசைன் உடுப்புகளை 40 மெகாபைட் வீடியோவாக அனுப்பும் புடவை வியாபாரிக்கு, ஒரு மெகாபிட் ஏற்றத்தில் ஒன்றை அனுப்பவே ஐந்து நிமிடத்துக்கு மேலாகும்.

பைபர் லைனில் இந்தத் தூரப் பிரச்சினை இல்லை எனலாம். ஒளி, ஊருக்குள் உள்ள தூரங்களில் பொருட்படுத்துமளவு தேய்வதில்லை. பரவலாகப் பாவிக்கப்படும் ஜிபொன் முறையில் ஒரு இழையின் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன; எனினும் நடைமுறையில் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஏற்ற வேகம் எவ்வளவு என்பதை மட்டும் கையொப்பமிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். 4ஜி ரவுட்டர் அப்படியல்ல. கோபுரத்தின் கொள்ளளவை சுற்றியுள்ள எல்லோரும் பங்கிடுவதால் காலையில் 30 காட்டும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு 3 காட்டலாம். வாங்குமுன் நண்பர் ஒருவரின் ரவுட்டரைக் கொண்டுவந்து இரவிலும் ஒருமுறை பரீட்சித்துப் பார்ப்பது நல்லது.

அளக்கும் முறையிலும் பலர் தவறு விடுகிறார்கள். கீழே ரவுட்டர், மேல்மாடியில் போன், இடையில் கொங்கிரீட் தட்டு. அங்கே அளப்பது லைனின் வேகமல்ல, வை-பையின் வேகம். கணினியை வயரால் ரவுட்டரில் இணைத்து, மற்றவற்றை நிறுத்திவிட்டு காலை, மாலை, இரவு என மூன்று தடவை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள். வயரில் சரியாகவும் மாடியில் குறைவாகவும் இருந்தால் பிழை வீட்டுக்குள். மாடிக்கு ஒரு வயர் இழுத்து இரண்டாவது வை-பை பெட்டி வைத்தால் தீரும். வயரிலும் குறைவென்றால் அந்தக் குறிப்போடு முறைப்பாடு செய்யலாம். "லைன் ஸ்லோ" என்று மட்டும் சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "ரவுட்டரை ஓஃப் பண்ணிப் போடுங்கள்" என்பதுதான்.

டேட்டா அளவுள்ள பெக்கேஜ் வைத்திருப்போர் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு மெகாபிட் ஓட்டம் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 320 ஜிபிக்கும் மேல். கெமராப் பதிவை இணையத்தில் சேமிக்கச் சொல்லும் விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை. கடையிலுள்ள பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் பதிவதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை.

நண்பரின் கெமராக்களை, வெளியிலிருந்து பார்க்கும்போது மட்டும் 0.2 மெகாபிட் அளவிலான சிறு தரத்தில் போகும்படி மாற்றினோம். படம் சற்று மங்கல். ஆனால் ஆளும் பொருளும் தெரியும். ஒரு நேரத்தில் இரண்டு கெமராக்களுக்கு மேல் திறப்பதில்லை என்று அவரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். அடுத்த முறை அவர் புறக்கோட்டைக்கு வந்தபோது கடையில் அழைப்புகள் அறுபடவில்லை. பெக்கேஜைப் பழையதற்கே இறக்கினார். பையனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் சம்பளத்தோடு ஏதோ சேர்த்துக் கொடுத்ததாக அவன்தான் பிறகு சொன்னான்.