'சைமன் அண்ட் கார்ஃபங்கல்' பிரிந்து அரை நூற்றாண்டு தாண்டியாச்சு... ரசிகர்கள் ஏன் இன்னும் மறக்கவில்லை?

1970 ஜூலை 18. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கம். கையில் கிதாரோடு ஒருவர், பக்கத்தில் சுருள் முடியோடு உயரமாக ஒருவர். பாடல்கள் முடிந்தன, கைதட்டல் ஓய்ந்தது, கூட்டம் கலைந்தது. 'இதுதான் கடைசி' என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. ஆனால், இணைந்து இயங்கிய ஜோடியாக பால் சைமனும் ஆர்ட் கார்ஃபங்கலும் பாடிய கடைசி கச்சேரி அதுதான்.

அந்த ஆண்டு அமெரிக்காவிலேயே பெரிய ஹிட் இவர்களுடைய பாட்டுதான். புகழின் உச்சியில் இருக்கும்போது யாராவது பிரிவார்களா? இவர்கள் பிரிந்தார்கள். இன்று வரைக்கும் ரசிகர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன்?

யார் இந்த இருவர்?

இருவருமே 1941-ல் பிறந்தவர்கள். சைமன் அக்டோபர், கார்ஃபங்கல் நவம்பர். குயின்ஸில் சில தெரு தள்ளித்தான் இரண்டு வீடுகளும். 11 வயதில், பள்ளியில் போட்ட 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' நாடகத்தில் பழக்கம். சைமனுக்கு வெள்ளை முயல் வேஷம், கார்ஃபங்கலுக்குப் பூனை வேஷம்.

அப்போது பிரபலமாக இருந்த எவர்லி பிரதர்ஸ் பாணியில், இரண்டு குரலையும் ஒன்றோடொன்று இழைத்துப் பாடிப் பழகினார்கள். 1957-ல், 16 வயதில், 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் 'ஹே ஸ்கூல்கேர்ள்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அது பில்போர்டு பட்டியலில் 49-வது இடம் வரை போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா, முதல் விரிசலும் அங்கேயே விழுந்தது. நண்பனுக்குச் சொல்லாமலே சைமன் வேறு பெயரில் ஒரு தனிப்பாடல் பதிவு செய்துவிட்டார். விஷயம் தெரிந்தபோது கார்ஃபங்கலுக்கு அது துரோகமாகப் பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து கொடுத்த பேட்டிகளிலும் அவர் அதை மறக்கவில்லை.

ரசிகர்கள்தான் சேர்த்து வைத்தார்களா?

ஒரு வகையில் ஆமாம். சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். இந்த முறை சொந்தப் பெயரிலேயே. 1964-ல் கொலம்பியா நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கிதாரும் இரண்டு குரலுமாக, அன்றைய நாட்டுப்புற இசை பாணியில் அமைந்த ஆல்பம். சில ஆயிரம் பிரதிகள்கூட சரியாக விற்கவில்லை. சைமன் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள சின்னச் சின்ன கிளப்களில் பாட ஆரம்பித்தார். கார்ஃபங்கல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார். ஜோடி கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் பாஸ்டன், ஃபுளோரிடா பக்கம் கல்லூரி மாணவர்கள் அந்த ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டை வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள். அதுதான் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் பட்டு வரும் எதிரொலியில் கிதார் வாசிப்பது சைமனுக்குப் பழக்கம். 21, 22 வயதில் அப்படி உருவான பாட்டு இது.

மாணவர்களின் ஆர்வத்தைக் கவனித்த தயாரிப்பாளர் டாம் வில்சன், 1965-ல் அந்தப் பழைய பதிவின் மேலேயே எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். பாடிய இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! ஐரோப்பாவில் இருந்த சைமனுக்கு, பாட்டு பட்டியலில் ஏறும்போதுதான் விஷயமே தெரிந்தது. 1966 புத்தாண்டு சமயத்தில் அது அமெரிக்காவின் நம்பர் 1 பாட்டு.

பிரிந்துபோன இரண்டு பேரை நேயர்களின் விருப்பம் மறுபடி ஒரே மேடையில் நிறுத்தியது. ரசிகர்கள் இந்த ஜோடியைத் தங்கள் சொத்தாகவே நினைப்பதற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

பாட்டில் அப்படி என்ன விசேஷம்?

அடுத்த நான்கு ஆண்டுகள் இவர்களுடையவை. இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடலான 'ஸ்கார்பரோ ஃபேர்' இவர்கள் குரலில் உலகம் முழுக்கப் போனது. 1967-ல் வந்த மைக் நிக்கோல்ஸின் 'தி கிராஜுவேட்' படத்தில் இவர்கள் பாடல்கள் இடம்பெற்றன. அதிலிருந்து வளர்ந்த 'மிஸஸ் ராபின்சன்' 1968-ல் நம்பர் 1 ஆனது.

வேலைப் பங்கீடு தெளிவானது. பாட்டு எழுதி மெட்டுப் போட்டு கிதார் வாசிப்பது சைமன். குரல்களை எப்படி இழைப்பது என்று தீர்மானிப்பதில் கார்ஃபங்கல் கெட்டிக்காரர். ஒலிப்பதிவுப் பொறியாளர் ராய் ஹாலியோடு சேர்ந்து மூன்று பேருமாக ஒரு பாட்டை மாதக்கணக்கில் இழைப்பார்கள். 'தி பாக்ஸர்' பாட்டுக்கு மட்டும் 100 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அதில் வரும் இடி மாதிரியான டிரம் ஓசைக்காக, டிரம்ஸைத் தூக்கிக்கொண்டுபோய் லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள்.

வியட்நாம் போர், மாணவர் போராட்டம், தலைவர்கள் படுகொலை என்று அமெரிக்கா கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. சத்தம் போடாமல், தனிமையையும் குழப்பத்தையும் மெதுவாகப் பாடிய இரண்டு குரல்களில் அந்தத் தலைமுறை தன்னையே கேட்டது.

அப்புறம் என்னதான் ஆச்சு?

ஒரே நாளில் வெடித்த சண்டை எதுவும் இல்லை. மூன்று விஷயங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

*முதலாவது, சினிமா.* மைக் நிக்கோல்ஸ் தன் அடுத்த படமான 'கேட்ச்-22'-ல் நடிக்க இருவரையும் அழைத்தார். பிறகு சைமனின் பாத்திரம் வெட்டப்பட்டது, கார்ஃபங்கலின் பாத்திரம் நின்றது. மெக்சிகோவில் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. நியூயார்க்கில் தனியாக உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்தார் சைமன். அந்த நாட்களில் எழுதிய 'தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்' பாட்டில் விமானம் ஏறிப்போகும் 'டாம்' என்ற நண்பன் வருகிறான். பழைய 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் கார்ஃபங்கலின் பெயர் டாம்!

*இரண்டாவது, ஒரு பாட்டு.* 1969-ல் சைமன் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' எழுதினார். இதைக் கார்ஃபங்கல் தனியாகப் பாடட்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். 1970-ல் அது ஆறு வாரம் நம்பர் 1. மேடையில் கார்ஃபங்கல் அதைப் பாடி முடிக்கும்போது கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். ஓரத்தில் நிற்கும் சைமனுக்கு மனதுக்குள், 'இது என் பாட்டாச்சே' என்று ஒரு நெருடல். இதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக ஒத்துக்கொண்டார்.

*மூன்றாவது, வழி மாறியது.* அந்த ஆல்பத்தின் 12-வது பாட்டாக அரசியல் பாட்டு ஒன்றைச் சேர்க்க சைமன் ஆசைப்பட்டார். பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் பக்தி இசையைச் சேர்க்கலாம் என்றார் கார்ஃபங்கல். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 11 பாட்டோடு ஆல்பம் வெளிவந்தது. அந்த வெற்றிடம்தான் பிரிவின் முதல் அறிவிப்பு என்று சொல்லலாம்.

1971 மார்ச்சில் அந்த ஆல்பமும் பாட்டும் சேர்ந்து 6 கிராமி விருதுகளை அள்ளின. அதற்குள் ஜோடி கலைந்திருந்தது. சைமன் தனி ஆல்பம் வேலையில் இறங்கினார். கார்ஃபங்கல் கொஞ்ச காலம் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார். ஆமாம், கிராமி வாங்கிய அதே பாடகர்தான்.

யாருடைய பாட்டு?

இந்தக் கதையின் மையமே இந்தக் கேள்விதான். எழுதியவருக்கா, பாடியவருக்கா?

சட்டப்படி பதில் சுலபம், எழுதியவர் சைமன். தனியாகப் போன பிறகும் அவர் ஜெயித்தார். 1986-ல் தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்களோடு செய்த 'கிரேஸ்லேண்ட்' அவரை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. கார்ஃபங்கலுக்கும் தனிப்பாடல்களில் பெரிய ஹிட்கள் உண்டு, பிரிட்டனில் நம்பர் 1 உட்பட.

ஆனா ரசிகன் மனசு சட்டம் பார்ப்பதில்லை. அவன் காதில் நிற்பது இரண்டு குரலும் ஒட்டும் அந்த ஒரு நொடி. சைமன் தனியாகப் பாடும்போது மேல்குரல் இல்லாத குறை தெரியும். கார்ஃபங்கல் தனியாகப் பாடும்போது பக்கத்தில் கிதார் இல்லாத குறை தெரியும். ரசிகர்கள் இழந்தது இருவரில் ஒருவரை அல்ல, இருவருக்கும் நடுவில் இருந்த மூன்றாவது குரலை.

1972-ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 1.4 கோடி பிரதி அளவுக்குச் சான்றிதழ் பெற்றிருக்கிறது. பிரிந்த பிறகு வந்த தொகுப்பு அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபடி சேரவே இல்லையா?

சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். 1975-ல் 'மை லிட்டில் டவுன்' என்று ஒரே ஒரு புதுப்பாட்டு வந்தது. 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இலவசக் கச்சேரி. பராமரிப்பில்லாமல் பாழாகிக் கிடந்த பூங்காவுக்கு நிதி திரட்டும் முயற்சியாக நடந்தது. வந்த கூட்டம் சுமார் 5 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. 11 ஆண்டு காத்திருப்பு ஒரு மைதானத்தை நிறைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த வீடியோவே சாட்சி.

அந்த உற்சாகத்தில் இருவரும் சேர்ந்து ஆல்பம் பண்ணப் போனார்கள். நடுவில் மனஸ்தாபம். கார்ஃபங்கல் பாடியிருந்த பகுதிகளை நீக்கிவிட்டு, 1983-ல் அதைத் தன் தனி ஆல்பமாகவே சைமன் வெளியிட்டார். 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்' என்ற அந்த ஆல்பம் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை.

2003-ல் கிராமி வாழ்நாள் சாதனை விருது மேடையில் மறுபடி கைகோர்த்தார்கள். 'ஓல்ட் ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் சுற்றுப்பயணம் நடந்தது. 2004-ல் ரோம் நகரின் கொலோசியம் அருகே நடந்த இலவசக் கச்சேரிக்கு சுமார் 6 லட்சம் பேர் திரண்டார்கள். அதில் பலர் 1970-ல் பிறந்தே இருக்க மாட்டார்கள்!

2010-ல் கார்ஃபங்கலின் குரல்நாண் பாதிக்கப்பட்டது. திட்டமிட்ட பயணம் ரத்தானது. அதே ஆண்டு ஜூனில், இருவரும் சேர்ந்து பாடிய கடைசி நிகழ்ச்சி நடந்தது. அது மைக் நிக்கோல்ஸுக்கு நடந்த பாராட்டு விழா. ஜோடியைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனவரும் அவர்தான், மெக்சிகோ படப்பிடிப்பால் விரிசலுக்குக் காரணமானவரும் அவர்தான்.

இப்போது ரசிகர்கள் எப்படி நினைவுகூர்கிறார்கள்?

பழைய ரெக்கார்டுகளோடு நிற்கவில்லை. இவர்கள் கதையைச் சொல்லும் மேடை நிகழ்ச்சிகள் பல நாடுகளில் ஓடுகின்றன. 2015-ல் 'டிஸ்டர்ப்ட்' என்ற மெட்டல் இசைக்குழு 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டைக் கரகரத்த குரலில் பாடி, புதுத் தலைமுறையிடம் சேர்த்தது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் பெர்னி சாண்டர்ஸின் பிரசார விளம்பரத்தில் 'அமெரிக்கா' பாட்டு ஒலித்தது. அப்போது பேசிக்கொள்ளாத நிலையில் இருந்தாலும், அதற்கு இருவருமே சம்மதம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு முறை பாட்டு எங்கேயாவது ஒலிக்கும்போதும் 'மறுபடி சேர்வார்களா?' என்ற பேச்சு கிளம்பும். இன்று அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இருவருக்கும் 80 வயதைத் தாண்டிவிட்டது. சைமனுக்கு ஒரு காதில் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது.

ஆனா, 2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. மகனோடு சேர்ந்து பாடிய ஆல்பத்தை வெளியிட்ட சமயத்தில் கார்ஃபங்கல் சொன்னது அது. சைமனோடு மதிய உணவுக்கு உட்கார்ந்தாராம். பழைய பேட்டிகளில் தான் பேசியவை நண்பனைக் காயப்படுத்தியிருந்தது தெரிந்து அழுதாராம். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

1968-ல், 26 வயதில், சைமன் ஒரு பாட்டு எழுதினார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதான நண்பர்களைப் பற்றியது. 70 வயதாகும்போது எப்படி இருக்கும் என்று ஒரு இளைஞன் ஆச்சரியப்படும் பாட்டு. பிறகு சுற்றுப்பயணத்துக்கு வைத்த பெயரும் அதுதான்: 'ஓல்ட் ஃபிரண்ட்ஸ்'. அவர்களுக்கு 70 வயதானபோது அந்தப் பெஞ்சில் ஒன்றாக உட்காரவில்லை. 83-ல் ஒரு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

மேடை இல்லை, மைக் இல்லை, டிக்கெட் இல்லை. ஆனாலும் 54 ஆண்டாகக் காத்திருந்த ரசிகர்களுக்கு அந்தச் செய்தியே ஒரு கச்சேரிதான்.