சீட் கிடைத்த பிறகு வரும் தடை: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் ‘எஸ்க்ரோ’

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் முன்கூட்டியே முடிவு தெரியும் ‘ஏர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பிக்க ஆகஸ்ட் 1 கடைசி நாள். வழக்கமான சேர்க்கைக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கெடு உண்டு. எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை பற்றியெல்லாம் வாசகர்கள் தெளிவாகவே எழுதுகிறார்கள். கடிதத்துக்குக் கடிதம் குழப்பம் தருவது ஒரே சொல்தான்: எஸ்க்ரோ.

கல்லூரிகள் இதை நிதி உத்தரவாதம் என்கின்றன. நடைமுறையில் இது முன்பணம். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளில் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை ஒரே தொகையாகத் தனிக் கணக்கில் போடச் சொல்கின்றன. அதிலிருந்து பருவத்துக்குப் பருவம் கல்லூரிக்குப் பணம் போகும். பல தனியார் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டுகிறது. நான்காண்டுக்கு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். வாடகையும் சாப்பாடும் தனி.

விசா விதி என்பதால்தானே கேட்கிறார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால் போதும், கட்டத் தேவையில்லை. அதற்கு மேல் கேட்பது கல்லூரியின் சொந்த விதி. வெளிநாட்டவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது, பாதியில் பணம் நின்றால் படிப்பும் நின்றுவிடும், மாணவரைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பது அவர்கள் வாதம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. யேல், ஹார்வர்ட் போன்றவை அதே வெளிநாட்டு மாணவருக்குத் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவுகின்றனவே!

நம் ஊர் வங்கிகள் கல்விக் கடனைத் தவணை தவணையாகத்தான் விடுவிக்கும். முழுக் கடனுக்கும் ஒப்புதல் வாங்கிய குடும்பத்தின் கையில்கூட மொத்தப் பணம் இருக்காது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டக்கூடிய சம்பளக்காரரும் இங்கே தடுக்கி விழுவார். மொத்தமாகப் புரட்ட முடிந்தவர் மட்டுமே தாண்டுவார். அதுவும் எம்கேட், நேர்காணல் எல்லாம் கடந்து, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு! இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேளுங்கள்: எத்தனை ஆண்டுத் தொகை, எந்தத் தேதிக்குள், வங்கி உத்தரவாதக் கடிதம் செல்லுமா, படிப்பை விட்டால் மீதி எப்போது திரும்பும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பிளஸ் டூ முடித்ததும் சேரலாமா? பொதுவாக முடியாது; அங்கே மருத்துவம் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான்.

இந்திய பி.எஸ்சி. போதுமா? பெரும்பாலும் போதாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ சில பாடங்களாவது படித்திருக்க வேண்டும். இந்திய மதிப்பெண் பட்டியலை அம்காஸ் சரிபார்ப்பதில்லை.

டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள்? குறைந்தது 90 சதவீத இடங்கள் அம்மாநிலத்தவருக்கே.

கிரீன் கார்டு இருந்தால்? நீங்கள் வெளிநாட்டு மாணவர் கணக்கில் வரமாட்டீர்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள்? அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி, நேராக ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.