திருநம்பி என்பவர் யார்?



சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா வந்துவிட்டால் விழுப்புரம் கடைவீதியெங்கும் திருநங்கைகளைக் காணலாம். ஆண் பிள்ளையென வளர்க்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர்கள் அவர்கள். பெண் பிள்ளையென வளர்க்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. கூட்டமாக வராததால் இவர்கள் நம் கண்ணில் படுவது குறைவு.

இது வேஷமல்ல, யாரும் கெடுத்து வந்ததுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சிலர் மருத்துவ சிகிச்சை செய்துகொள்வர், சிலர் செய்துகொள்வதில்லை. தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 15-4-2014 அன்று தீர்ப்பளித்தது.

காணையில் என் கடைக்குச் சிறு வயதில் தந்தையோடு சரக்கெடுக்க வந்த பிள்ளை, பல ஆண்டு கழித்து மீசையும் புதுப் பெயருமாக வந்து நின்றார். மூட்டை தூக்குவோர் முன்னிலையில் பழைய பெண் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுவிட்டேன். பாக்கியைப் பைசா குறையாமல் கட்டிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. அப்பன் காலத்து வாடிக்கை என் வாயால் போயிற்று.

ஆகவே, வந்தவர் சொல்லும் பெயரையே சொல்லுங்கள். ‘தம்பி’, ‘அண்ணாச்சி’ என்று மற்றவரை அழைப்பது போலவே அழையுங்கள். உடம்பைப் பற்றிய கேள்வி கடையில் வேண்டாம். பேரேட்டில் புதுப் பெயரை எழுதிப் பழைய பற்றுவரவை அதில் ஏற்றுங்கள். பெயர் மாறினாலும் பாக்கி மாறாது, நாணயமும் மாறாது.